தலை வெளியேதானே இருக்கு

எங்கள் மேனேஜர் குழிக்குள் இறங்கியதே கிடையாது. ஷூ அழுக்காகாத தூரத்தில் நின்று எட்டிப் பார்ப்பதோடு சரி. பள்ளத்தின் இரு பக்கமும் மண் சரியாமல் தாங்க ஓர் இரும்புக் கூண்டு உண்டு. குழாய் பதிக்கும் வேலை நகர நகர அதையும் நகர்த்த வேண்டும். அன்று அது முந்தின தெருவிலேயே கிடந்தது.

"சார், மழை பேஞ்சு மண்ணு ஊறிக் கெடக்கு. கூண்டை எடுத்துட்டு வந்துடறேன்" என்றேன். மண் அள்ளும் வண்டியை ஓட்டுகிறவன் நான்.

"அதுக்கே பாதி நாள் போயிடும். நாலு குழாய்தானே, சட்டுபுட்டுனு முடிங்கப்பா."

குழாய் பொருத்த இறங்க வேண்டியவர் என் அக்கா புருஷன். "விடு மாப்ள, உங்கக்கா வாயிலயே இத்தனை வருஷம் தப்பிச்சிருக்கேன்" என்று சிரித்துக்கொண்டே இறங்கினார்.

மூன்றாவது குழாயை இணைக்கும்போது பக்கச் சுவர் மொத்தமாகச் சரிந்தது. கழுத்துவரை மண். மாமா வாயிலிருந்த மண்ணைத் துப்பிவிட்டு, "எவன்டா அது, கதவைச் சாத்தினது?" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம். அப்பாடா என்றிருந்தது.

நான் ஃபோனை எடுத்தேன். மேனேஜர் தடுத்தார். "தீயணைப்பு வண்டி வந்தா வேலையையே நிறுத்திடுவாங்க. தலை வெளியேதானே இருக்கு, நாமளே தோண்டி எடுத்துடலாம்."

போய்யா என்று சொல்லிவிட்டுத் தீயணைப்பு வண்டிக்குச் சொன்னேன். பிறகு குழிக்குள் குதித்துக் கையாலேயே மண்ணை வாரினேன். வார வார மேலிருந்து சரிந்துகொண்டே இருந்தது.

அதற்குள் மேனேஜர் அக்காவை ஃபோனில் கூப்பிட்டு, "ஒண்ணும் பயமில்லம்மா, நீங்களே பேசுங்க" என்று ஸ்பீக்கரைப் போட்டுக் குழிப்பக்கம் நீட்டினார்.

"கண்ணைப் பொடனியிலயா வச்சிருந்தீங்க? வீட்டுக்கு வாங்க, வச்சுக்கறேன்!" அழுகையும் கோபமுமாய் அக்காவின் குரல்.

"சரி" என்றார் மாமா. கொஞ்சம் கழித்து இன்னொரு "சரி".

அக்கா ஒன்று சொன்னால் மாமா பத்து சொல்கிற ஆள். எனக்குத் திக்கென்றது. மூச்சை விடும்போது நெஞ்சு சுருங்குகிறது, அந்த இடத்தில் மண் இறங்கி இறுக்குகிறது, மறுபடி இழுக்க விடுவதில்லை. அதுவரை எங்களுக்கு யாரும் இதைச் சொல்லித் தந்ததில்லை. "நல்லாத்தான் பேசறார்" என்று அக்கா நிம்மதியாக ஃபோனை வைத்தாள்.

வண்டி வந்தபோது மாமாவின் உதடு நீலமாகியிருந்தது.

விசாரணைக்கு அதிகாரி வந்தார். "கடைசிவரைக்கும் நல்லாப் பேசிட்டிருந்தார் சார், சம்சாரத்துகிட்டகூடப் பேசினார். திடீர்னு நெஞ்சுவலி போலிருக்கு" என்றார் மேனேஜர்.

"வாய் கூசலையா உங்களுக்கு?" என்று எழுந்தேன். கூண்டு கிடந்த இடம், ஃபோனைத் தடுத்தது, எல்லாவற்றையும் கொட்டினேன். அதிகாரி எழுதிக்கொண்டார். அந்த மேனேஜர் பாவி தலை நிமிரவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவளுக்கு அந்தச் சண்டையே காதில் விழவில்லை.

"தம்பி, அந்த ரெண்டு தடவை சரின்னாரே... நான் திட்டாம இருந்திருந்தா அந்த மூச்சு மிச்சமாயிருக்கும்ல? வண்டி வர்றவரைக்கும் தாங்கியிருப்பார்ல?"

"ஐயோ, இல்லக்கா! நீ இல்லக்கா!" என்று கத்தினேன்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். நான் சொன்னதை அவள் நம்பவில்லை.