ஆர்விட் கடையில் அளவெடுத்த கை

மார்ச் மாதத்து இரண்டாவது வியாழக்கிழமை, காலை பத்தே கால் மணிக்கு, ஆர்விட் நூட்சனின் துப்பாக்கிக் கடையில் நின்றிருந்த கோரின் ஹாஃபின் வலது கை ஏழு வயதுப் பிள்ளையின் கையளவுக்குச் சுருங்கியது. அன்று டென்மோர் தானியக் கிடங்கில் ஒரு புஷல் கோதுமை ஐந்து டாலர் பத்து சென்ட்டுக்குப் போனது. வடக்கு டக்கோட்டாவில் அந்த ஆண்டு பனி தாமதமாகத்தான் உருகியது. லூத்தரன் தேவாலயத்தின் கூரையில் மட்டும் ஈஸ்டர் முடிந்தும் பனி பெய்துகொண்டிருந்தது. அதனால் கை சுருங்கியதை ஊரில் யாரும் பெரிதாகப் பேசவில்லை.

கோரினுக்கு முப்பத்தாறு வயது. கிடங்கில் லாரிகளை எடை போடும் வேலை. ஊரிலிருந்து பதினோரு மைல் தள்ளித் தனியாக இருந்தாள். அவளுடைய வலது மணிக்கட்டை ஒடித்துச் சிறைக்குப் போன ராய்ஸ், முன்னாள் கணவன், ஜூன் பதினான்காம் தேதி வெளியே வருவான் என்று கடிதம் வந்திருந்தது. அவளை நெருங்கக்கூடாது என்று நீதிமன்றத் தாள் இருந்தது. ஆனால் ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து அவள் வாசலுக்கு வந்து சேர ஐம்பது நிமிடம் ஆகும். அவளுடைய அண்ணன் வெண்டலின், கிறிஸ்துமஸுக்கே ஒரு ரிவால்வர் வாங்கிக் கொடுத்திருந்தான். சின்னது, எடையே இல்லாதது, இளஞ்சிவப்புப் பிடி போட்டது. பெண்ணுக்குச் சின்னத் துப்பாக்கிதான் சரி என்பது அந்த மாவட்டத்து ஆண்கள் எல்லோரும் நம்பிய விஷயம். எடை குறையக் குறையச் சுடும்போது உதை கூடும் என்பதைச் சுட்டுப் பார்த்த பெண்கள் மட்டும் அறிந்திருந்தார்கள். கோரின் இரண்டு முறை சுட்டாள். உள்ளங்கையில் விழுந்த நீலம் பிப்ரவரி வரை போகவில்லை.

ஆர்விட் அப்படி விற்பவர் அல்ல. முதல் துப்பாக்கி வாங்க வருகிறவர் யாராக இருந்தாலும் கையைப் பழுப்புக் காகிதத்தில் விரித்து வைக்கச் சொல்லி, பென்சிலால் சுற்றி வரைந்து, பெயரும் தேதியும் எழுதிச் சுவரில் குத்திவிடுவார். அதன் பிறகுதான் கண்ணாடிப் பெட்டியைத் திறப்பார். கோரினின் கை மணிக்கட்டுக் கோட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை ஏழே கால் அங்குலம் இருந்தது. மூன்று துப்பாக்கிகள் சரிப்படவில்லை. நான்காவது அவள் உள்ளங்கையில் இடைவெளியே இல்லாமல் உட்கார்ந்தது. ஆள்காட்டி விரல் தானாகப் போய் விசையைத் தொட்டது. அப்போதுதான், காபிப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேவிஸ், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், “ஆமா, அந்த ராய்ஸ் எப்ப வர்றானாம்?” என்று கேட்டாள். துப்பாக்கி நழுவி ரப்பர் விரிப்பில் விழுந்தது. சட்டைக் கைக்குள்ளிருந்து சின்னஞ்சிறு விரல்கள் எட்டிப் பார்த்தன.

“உன் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்கமாட்டியா, மேவிஸ்?” என்றார் ஆர்விட்.

“நான் என்னத்தைச் சொன்னேன்? பேரைத்தானே சொன்னேன்.”

ஒரு கோப்பைக் காபி குடித்து முடிப்பதற்குள் கை பழையபடி ஆனது. ஆர்விட் நான்காவதைத் துடைத்து மறுபடி நீட்டினார். “இதையே எடுத்துக்கம்மா. முக்காவாசி நாள் எந்தக் கை இருக்கோ, அதுக்குத்தான் பாக்கணும்.”

“முக்காவாசி நாள் எனக்குத் துப்பாக்கி எதுக்கு?” என்றாள் கோரின்.

ஆர்விட் யோசித்தார். அவள் சொன்னது சரி என்று பட்டது. நான்காவதைப் பெட்டியில் திருப்பி வைத்தார்.

அதிலிருந்து ஒவ்வொரு வியாழனும் அவள் வந்தாள். மேவிஸ் பெயரைச் சொல்வாள், கை சுருங்கும், ஆர்விட் அவசரமாக வரைவார். எத்தனை முறை வரைந்தாலும் நாலே முக்கால் அங்குலம். அந்த அளவுக்கு யாரும் துப்பாக்கி செய்வதில்லை. அண்ணன் கொடுத்ததும் ஆகவில்லை. அதன் விசையை இழுக்க அந்த விரலுக்குப் பலம் போதவில்லை. மே மாதத்தில், மைனட் நகரத்தில் ஒரு விதவை விற்ற சாமான்களுக்குள்ளே ஆர்விட் ஒரு பழைய பாக்கெட் துப்பாக்கியைக் கண்டுபிடித்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. சின்னக் கைக்கு அது கச்சிதமாக இருந்தது. கோரின் வாங்கிக்கொண்டாள். ஊருக்கு வெளியே சரளைக் குழியில் பழகினாள். ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால் மேவிஸ் பின்னாலிருந்து “ராய்ஸ்” என்று சொல்ல வேண்டியிருந்தது. “இந்தப் பேரை நான் அவனோட அம்மாவைவிட அதிகமா சொல்லிட்டேன்டி” என்று அலுத்துக்கொண்டாள் மேவிஸ். நூற்றுக்கு எழுபது குண்டு தகரத்தட்டில் பட்டது.

ஜூன் பதினான்கு வந்தது, போனது. ராய்ஸ் பிஸ்மார்க் நகரத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். கோரின் துப்பாக்கியை ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டே சமைத்தாள், துணி காயப்போட்டாள். அளவெடுப்பதை மட்டும் விடவில்லை. ஜூலை கடைசியில் சுருங்கிய கை ஐந்தே கால் அங்குலம் இருந்தது. அது அவளுக்குக் கவலையாக இருந்தது. துப்பாக்கி வாங்கியாகிவிட்டதே.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, அறுவடை நடந்துகொண்டிருந்தபோது, மாலை நான்கு மணிக்கு ஒரு வெள்ளை பிக்கப் வண்டி அவள் வீட்டுப் பாதையில் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. ராய்ஸ் இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கினான். “பேசிட்டுப் போலாம்னு வந்தேன், கோரின். தண்ணியாவது குடு.” ஐந்து மாதப் பழக்கத்தில் அவள் அவனைப் பார்க்கவில்லை; கையைப் பார்த்தாள். அது சுருங்கவில்லை. ஏழே கால் அங்குலத்தைத் தாண்டி, ஒன்பதைத் தாண்டி, ஏப்ரன் பைக்குள் நுழையாத அளவுக்குப் போய்க்கொண்டிருந்தது. இடது கையால் துப்பாக்கியை எடுத்து வலது உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். சூரியகாந்தி விதைபோல் கிடந்தது. விரல் எதுவும் அதற்குள் போகாது. அதை வேலிக் கம்பத்தின் மேல் பத்திரமாக வைத்துவிட்டு, வண்டியின் முகப்பில் கையைப் பதித்துத் தள்ளினாள். கியரில் நின்ற வண்டி, அவன் பிரேக்கை மிதிக்க மிதிக்க, பின்னோக்கிப் போனது. வீட்டிலிருந்து மாவட்டச் சாலைவரை கால் மைல். வழியில் அவன் என்னென்னவோ சொன்னான். சரளைச் சத்தத்தில் அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. சாலையில் வண்டியைத் திருப்பி மேற்கே பார்த்து நிறுத்திவிட்டு அவள் திரும்பி நடந்தாள். முகப்பில் நான்கு பள்ளங்கள் விழுந்த அந்த வெள்ளை வண்டியை அதன் பிறகு மொன்டானா எல்லைக்கு அப்பால்தான் பார்த்திருக்கிறார்கள்.

வியாழக்கிழமை அவள் கடைக்குப் போனாள். “பொருந்தல” என்று பாக்கெட் துப்பாக்கியை மேசையில் வைத்தாள். ஆர்விட் இரண்டு தாள்களை ஒட்டி அளவெடுத்தார், பதினெட்டரை அங்குலம். கண்ணாடிப் பெட்டியை ஒருமுறை பார்த்தார், திறக்கவில்லை. “இதுக்குப் பீரங்கிதான் பாக்கணும்” என்றார். மேவிஸ் சோதிப்பதற்காக அந்தப் பெயரை மூன்று முறை சொன்னாள். கை அப்படியே இருந்தது. கோரின் இடது கையால் காபி குடித்தாள்.

அது பிறகும் குறையவில்லை. கிடங்கில் அவள் எடைச்சீட்டை இடது கையால் எழுதப் பழகினாள்; சேற்றில் மாட்டிய லாரிகளை வலது கையால் எடுத்துவிட்டாள். அக்டோபர் கடைசியில் குளிர் தொடங்கியது. துணிக்கடைக்காரர் இடது கைக்கான ஒற்றைக் கையுறையைப் பாதி விலைக்குக் கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் க்னெஃப்லா சூப்பில் மாவு உருண்டைகளைப் போட்டுக்கொண்டிருந்தபோது, அண்ணன் வெண்டலின், முகாமில் உள்ளே புகுந்து தூங்கும் பழைய பஞ்சுப்பை ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான்.

“வலது கைக்கு ஒண்ணு தைச்சுத் தரலாம்னு பாக்குறேன்.”

“இதுவும் இளஞ்சிவப்பா?”

“பச்சைதான், போதுமா?” என்றவன், பழுப்புக் காகிதத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தான். “முதல்ல கையை வை.”

அவள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து வைத்தாள். காகிதம் போதவில்லை. அவன் இன்னொன்றும் கொண்டுவந்திருந்தான்.