பத்து சென்டிமீட்டர்

சோபனாவுக்கு வயிறு எரிந்தது. பதினோரு வருஷமாக வேலூரில் இந்த ஐசியூவில் குப்பை கொட்டுகிற நர்ஸ் அவள். பெரிய டாக்டர் கௌதமோ, ஆம்பூரிலிருந்து வந்து சேர்ந்து எட்டே மாதமான நர்ஸ் உமைமாவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். "வென்டிலேட்டர்னா உமைமாவக் கேளுங்க" என்று போன வாரம் எல்லார் முன்னாலும் சொன்னாரே, அதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

அதனால்தான் அவள் டேப் விஷயத்தைச் சொல்லவில்லை.

ஒரு மூச்சுக்கு வென்டிலேட்டர் மெஷின் எவ்வளவு காற்று தள்ள வேண்டும் என்பதை ஆளின் உயரத்தை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். உடம்பு பருத்தாலும் நுரையீரல் பருப்பதில்லை. படுத்திருப்பவரை அளக்க அந்த வார்டில் இரண்டு மீட்டர் துணி டேப் ஒன்று இருந்தது. முனை நைந்துபோனதால் முதல் பத்து சென்டிமீட்டரை யாரோ எப்போதோ வெட்டிவிட்டார்கள். பழைய ஆட்கள் அளந்துவிட்டுப் பத்தைக் கழிப்பார்கள். புதுசு வாங்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இத்தனை நாள் அளந்ததெல்லாம் சோபனாதான்.

அன்று காலை ஒடுகத்தூர் ரத்தினசாமியை நிமோனியாவோடு கொண்டுவந்து, தொண்டையில் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்தார்கள். உமைமா முந்திக்கொண்டு டேப்பை எடுத்தாள். பத்தைக் கழிக்காமல் சார்ட்டில் 172 என்று எழுதினாள். பக்கத்தில் நின்ற சோபனா வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் ஐம்பது, அறுபது மில்லி ஜாஸ்தி போகும். பதினோரு மணி ரவுண்ட்ஸில் டாக்டரே பிடிப்பார், இவள் மூக்கு உடையட்டும். அதற்குள் என்ன ஆகிவிடப்போகிறது?

பத்தரைக்கு மெஷின் அலறியது. நுரையீரலில் பிரஷர் ஏறியிருந்தது. உமைமா சளியை உறிஞ்சி எடுத்தாள், குழாய் மடங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். இறங்கவில்லை.

"இன்னான்னே புரியலக்கா" என்றாள். முகம் வெளுத்திருந்தது.

சோபனாவுக்குத் தித்தித்தது. வெட்கக்கேடு, நிஜமாகவே தித்தித்தது.

கதவோரம் நின்ற ரத்தினசாமியின் மனைவி கமலம், "அந்த மெஷினு அவருக்கு நல்லதுதானே பண்ணுது சிஸ்டர்?" என்று கேட்டாள். சோபனா உமைமாவிடம் ஓடினாள்.

"டேப்புல மொதல் பத்து சென்டி இல்ல. கழிக்கணும். டியூட்டி டாக்டருக்குப் போன் போடு, சீக்கிரம்."

டியூட்டி டாக்டர் வந்து காற்றைக் குறைத்ததும் பிரஷர் இறங்கியது. நுரையீரல் கிழியவில்லை என்று எக்ஸ்ரேயில் தெரிந்தது.

ரவுண்ட்ஸில் கௌதம், "யாரு கண்டுபிடிச்சது?" என்றார்.

"சோபனாக்கா சார். நான்தான் தப்பா எழுதிட்டேன்."

"இதுக்குத்தான் சீனியர் வேணும்ன்றது."

எட்டு மாதமாக ஏங்கிய வார்த்தை. சோபனாவால் தலை நிமிர முடியவில்லை.

எல்லாரும் போன பிறகு உமைமா மெதுவாகக் கேட்டாள்: "நான் அளக்கறப்போ பக்கத்துலதானேக்கா நின்னீங்க?"

"ஆமா. பாத்துனுதான் இருந்தேன்."

உமைமா டேப்பைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"சரிங்க சிஸ்டர்" என்றாள். எட்டு மாதத்தில் அவள் அக்கா என்று சொல்லாதது அதுதான் முதல் தடவை.