மூன்றாம் மாடியின் பழைய மதியம்

புது சிப்பை மாட்டிய மறுநாள், லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்று, ஏழு வருடத்துக்கு முந்தைய மூன்றாம் மாடியில் கதவைத் திறந்தது. முதலில் இறங்கியவர் கணக்காளர். உடைந்த சாமான்கள் போட்டுவைக்கும் கிடங்கைத் தேடி வந்தவருக்கு முன்னால், என்றோ கழற்றி எறிந்த மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. வேலையை விட்டுப் போனவர்கள் எல்லாம் அவரவர் மேசையில் இருந்தார்கள். அவர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, நல்லதாக ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறினார். கதவு மூடியதும் கையில் நாற்காலி இல்லை. அங்கிருந்து எதையும் கொண்டுவர முடியாது, அங்கே எதை மாற்றினாலும் நிற்காது, எப்போது போனாலும் அதே மதியம்தான் என்பது சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. கட்டட மேலாளரின் கவலையெல்லாம், தீயணைப்புக்காரர்கள் கேட்டால் எத்தனை மாடி என்று சொல்வது என்பதுதான்.

காரணம் ஒருத்திக்குத் தெரியும். அந்தக் கட்டடத்தில் இருந்தது லிஃப்டுகளுக்கு நிரல் எழுதும் நிறுவனம். அவள் அதன் தலைமைப் பொறியாளர். அலுவலகமே அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டது. நிரலில் மாடி எண் இருப்பது ஒரே இடத்தில். மோட்டார் பகுதி, இடத்தைச் சுட்டும் ஒரு பாயிண்டர் வழியாக அதைத் தொடும், கதவுப் பகுதி இன்னொரு பாயிண்டர் வழியாக. வேகம் வேண்டுமென்று, இந்த இரண்டும் ஒருநாளும் ஒரே இடத்தைக் காட்டாது என்று, நிரலைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றித்தரும் கம்பைலருக்கு அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். பழைய சிப்பின் கம்பைலர் மந்தம். வாக்கைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. புது சிப்பினுடையது கெட்டிக்காரத்தனமாக அவளை நம்பியது. மோட்டார் புது எண்ணை எழுதியது. கதவோ, எப்போதோ படித்துவைத்ததே போதும் என்று திறந்தது.

இது நடக்கும் என்று அன்றே சொன்னவன் ஒருவன் உண்டு. எதற்கெடுத்தாலும் "ஆனா" என்று ஆரம்பிப்பதால் அவனுக்கு ஆனா என்றே பேர். படித்து முடித்த கையோடு அவளிடம் வேலைக்கு வந்தவன். அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லாத குறையைத் தீர்த்தவன். ஒரு புதன்கிழமை மதியம் அவளுடைய மேசைக்கு வந்து, "ஆனா அக்கா, வேற மெஷின்ல போட்டா இது காலை வாரிடும்" என்று தொடங்கினான். அவளுக்கு அவசரம். "ஓடுதுல்ல? விடு" என்றாள். பிறகு ஒரு வாடிக்கையாளர் வேறு சிப்பில் அதைப் போட்டார். லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்று, ஒரு பெரியவர் பாதி நாள் உள்ளே கிடந்தார். யார் எழுதியது என்று முதலாளி கேட்டபோது அவள் ஆனாவைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான், வாயைத் திறக்கவில்லை. அந்த வாரமே அவன் வேலையை விட்டுப் போய்விட்டான். வாடிக்கையாளருக்குப் பழைய சிப்பையே மாட்டிக்கொடுத்தார்கள்; நிரலை யாரும் தொடவில்லை.

அவள் லிஃப்டில் ஏறி மூன்றை அழுத்தினாள். அவளுடைய பழைய நாற்காலி காலியாக இருந்தது. பக்கத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான்.

"வந்துட்டீங்களா? ஆனா அக்கா, வேற மெஷின்ல போட்டா..."

"என்னை மன்னிச்சுடுடா" என்றாள்.

அவன் சிரித்துவிட்டான். "எதுக்குக்கா? நீங்க இன்னும் ஒண்ணுமே பண்ணலையே!"

கீழே வந்ததும், எங்கெங்கோ விசாரித்து அவனுடைய போன் எண்ணைப் பிடித்துக் கூப்பிட்டாள். லிஃப்ட் விஷயத்தைச் சொன்னாள், அவன் சொன்னதுதான் சரி என்றாள், தப்பு தன்னுடையது என்றாள்.

"அது போன கதை மேடம்" என்றான். "பாப்பாவை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வரணும். வச்சிடட்டுமா?"

அக்கா போய் மேடம் வந்திருந்தது. நேராக முதலாளியின் அறைக்குப் போய், அன்றைக்கு அந்த லிஃப்டை நிறுத்தியது என் நிரல், ஆனாவுடையது இல்லை என்றாள். முதலாளி நெற்றியைச் சுருக்கி யோசித்துப் பார்த்தார். "யாரும்மா அவன்?" என்றார்.

திருத்தம் ஒரே வரிதான். அதை எழுதி, ஊர்ஊராக ஓடிக்கொண்டிருந்த லிஃப்டுகளுக்கெல்லாம் அனுப்பிவைத்தாள். சொந்தக் கட்டடத்து லிஃப்டுக்கு மட்டும் அலுவலகத்தில் யாரும் போடவிடவில்லை. வரவேற்பில் இருப்பவளுக்கு, பிரிந்துபோன சிநேகிதி ஒருத்தி அங்கே இருந்தாள்; கணக்காளருக்கு அந்தத் தண்ணீர் பிடித்துப்போயிருந்தது. மேலாளர் ஒரு பலகை எழுதி மாட்டினார்: கிடங்குக்குப் போகிறவர்கள் படிக்கட்டில் போகவும். புதிதாக வருகிறவர்கள் ஒரு வாரம் முழிப்பார்கள், அப்புறம் பழகிவிடும்.

அவள் மதியச் சாப்பாடு முடிந்ததும் போய் அந்த நாற்காலியில் உட்காருவாள். மன்னிப்பெல்லாம் இப்போது கேட்பதில்லை. அவன் "ஆனா அக்கா" என்று ஆரம்பிப்பான். அவன் முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வான்.