நிபுணருக்கு ஆட்சேபம் இல்லை

நகராட்சிக் கூட்டத்தில் அவளுக்கு மட்டும் மெத்தை வைத்த நாற்காலி. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடம் குப்பிகளோடு மல்லுக்கட்டியவள். படித்தவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டால் பாதிப் பழி தன் தலையிலிருந்து இறங்கிவிடும் என்று தலைவருக்கு ஒரு கணக்கு.

போன வருடமும் இதே நாற்காலிதான். தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்பின் ஆழ்துளைக் கிணற்றில் ஆர்சனிக் என்ற விஷம் அளவுக்கு மீறி இருப்பதை அவள்தான் கண்டுபிடித்தாள். மூன்று முறை சோதித்தாள், மூன்றிலும் அதே அளவு. அதோடு நிறுத்தியிருக்கலாம். "நீங்களே சொல்லுங்கம்மா, மூடிடலாமா?" என்று தலைவர் கேட்டதும், அதையும் குப்பியில் ஊற்றிப் பார்த்தவள்போல, "உடனே மூடிடுங்க சார்" என்று சொல்லிவிட்டாள். ஒருத்தரும் மறுபேச்சுப் பேசவில்லை.

கிணற்றை மூடினால் லாரித் தண்ணீர் வாரத்தில் இரண்டே நாள் வரும், மற்ற நாள் சனம் குட்டைக்குப் போகும் என்பது எந்தக் குப்பியிலும் தெரியவில்லை. குட்டையை அவள் சோதிக்கவும் இல்லை. குடிநீர்ப் பட்டியலில் அது இல்லையே! பட்டியலில் இல்லாததை யாரும் குடிக்கமாட்டார்கள் என்று நம்ப, ஆய்வகத்தில் வேலை பார்த்திருக்க வேண்டும். கிணற்று விஷம் ஆளைச் சாய்க்க வருடக்கணக்காகும். குட்டைக்கு நான்கு நாள் போதுமாயிருந்தது. வாந்திபேதியில் செத்த மூன்று பிள்ளைகளில் ஒருத்தி, அங்கேயே குடியிருக்கும் அவள் தங்கையின் மகள், ஆறு வயது. அந்தத் தங்கை வீட்டுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறாள். ஆனால் எங்கே போனாலும் தன் வீட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் எடுத்துப்போகிறவள், தொழில் பழக்கம். குட்டை எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது.

இன்றைய கேள்வி, கிணற்றைத் திரும்பத் திறக்கலாமா என்பது. அளவு இப்போது இன்னும் ஏறியிருக்கிறது. பின்வரிசையில் தங்கை, மடியில் இரண்டு வயது மகன். ஒரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

"லாரியை தினமும் அனுப்புங்கய்யா, அது போதும்" என்று ஒரு பெண் எழுந்தாள்.

"இரும்மா, படிச்சவங்க பேசட்டும்" என்றார் தலைவர்.

மெத்தை நாற்காலியிலிருந்து அவள் எழுந்தாள். வருடம் முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்ததுதான். "போன தடவை எனக்குத் தெரியாததைப் பேசிட்டேன் சார். எனக்கு அளவு மட்டும்தான் தெரியும். அது கூடியிருக்கு. மத்ததை அங்க இருக்கறவங்ககிட்ட கேளுங்க."

"என்ன ஒரு அடக்கம் பாருங்க!" என்று தலைவர் கை தட்டினார். குமாஸ்தா பக்கம் திரும்பினார். "திறக்கக் கூடாதுன்னு சொன்னாங்களா?"

"சொல்லலைங்க."

"அப்ப எழுதுய்யா. நிபுணருக்கு ஆட்சேபம் இல்லை. கிணறு திறந்தாச்சுன்னா லாரி எதுக்கு? அதை நிறுத்திடு."

"சார், நான் அப்படிச் சொல்..." என்பதற்குள் மைக் அடுத்த தீர்மானமான தெருவிளக்குக்குப் போய்விட்டது. கொஞ்சம் கத்தியிருக்கலாம். கத்திப் பழக்கமில்லை.

வாசலில் தங்கை வழிமறித்தாள்.

"தெரியாதப்ப பேசினே. தெரிஞ்சப்ப நழுவிட்டே. நல்லா இருக்குக்கா உன் நியாயம்."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒதுங்கிப் போகப் பார்த்தாள்.

"அதிகாரியா சொல்ல வேணாம். இவனோட பெரியம்மாவா சொல்லு. நாளைலேருந்து கிணத்துத் தண்ணிதான். இவனுக்குக் கொடுக்கலாமா, கூடாதா?"

கூடாது என்றால் குட்டை. கொடு என்றால், இவன் வளர வளர விஷமும் கூடவே வளரும். எந்தப் பக்கம் போனாலும் பிள்ளைதான் போகிறான். இத்தனை படித்தும் ஒரு குழந்தைக்கு என்ன தண்ணீர் கொடுப்பது என்று சொல்லத் தெரியவில்லை.

பையன் அவள் பையிலிருந்த பாட்டிலை எட்டிப் பிடித்தான். "பெரிம்மா, தண்ணி."

மூடியைத் திறந்து அவளே அவன் வாயில் வைத்தாள். மடக் மடக்கென்று கடைசிச் சொட்டுவரை குடித்தான்.

தங்கை காலிப் பாட்டிலை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தாள். பிறகு அக்காவின் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"சரிக்கா. நாளைக்கு?"