ஆமென் தாள்

1982இல் லூனாஸ் ஊரில் அகத்தா விற்ற மசால்வடையின் உறையை வாயில் வைத்தவர்கள் அத்தனை பேரும் ‘ஆமென்’ என்றார்கள். கத்தோலிக்கர் சொன்னதில் அதிசயமில்லை. எஸ்டேட் ராக்காயியும் சொன்னாள். முனீஸ்வரனைத் தவிர யாரையும் கும்பிட்டறியாதவள். “ஐயையோ, யாருலா என் வாய்க்குள்ள பேசுறது?” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, இன்னொரு வடை வாங்கினாள்.

உறை வந்த கதை சாதாரணமானது. கூலிம் தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ் டிரைவர் முருகையா, எண்ணெய்ப் பேப்பர் பொறுக்கியே தன் இடுப்பு போய்விட்டது, இனிப் பேப்பர் சுற்றிய பலகாரத்தோடு யாரும் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார். மனுஷன் சொன்னதும் நியாயம்தான். அகத்தா மரவள்ளி மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, விரிசல் விடாமலிருக்க மருந்துக்கடை கிளிசரின் நாலு சொட்டு விட்டு, பழைய ஜன்னல் கண்ணாடிகளில் மெல்லிசாக ஊற்றி வெயிலில் வைத்தாள். காய்ந்ததும் உரித்தால் கண்ணாடி போலவே தாள். எண்ணெய் கசியாது, வடையோடு சேர்த்தே தின்றுவிடலாம். பூசையில் ஆமென் சொல்லி நாக்கில் வாங்கும் நற்கருணை அப்பம் மாதிரி மேலண்ணத்தில் ஒட்டும், ஆமென் வரும், கரையும். பஸ் சுத்தமானது. தினமும் நாற்பது பெண்கள் ஆமென் சொல்லிக்கொண்டே வேலைக்குப் போனார்கள்.

வயிறெரிந்தவர் உபதேசியார் இஞ்ஞாசிமுத்து ஒருவர்தான். கோயிலில் முழந்தாளிட்டுச் சொல்லவேண்டிய வார்த்தையை வடைக்குச் சொல்வதா? அவர் மகன் வால்டருக்கும் அகத்தாவின் மகள் ஜேனுக்கும் பாஸ்கா பண்டிகை முடிந்து கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். அதை நிறுத்திவிட்டார். “இந்தத் தாள் லூனாஸ்ல இருக்கிற வரைக்கும் எங்க வீட்டுல கல்யாணம் இல்ல” என்று கோயில் வாசலிலேயே சொன்னார். ஜேன் மூன்று நாள் சோறு தொடவில்லை. அகத்தாவுக்கு அந்த மனுஷன்மேல் ஆத்திரமான ஆத்திரம். ஆனாலும் பெற்ற மனசு கேட்கவில்லை. கண்ணாடிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மிச்சத் தாள்களைத் தட்டில் அடுக்கி, மகளோடு அவர் வீட்டுக்குப் போனாள்.

“எல்லாம் இதான், அண்ணே. நீங்களே எரிச்சிடுங்க.”

உபதேசியாருக்கு ஒரு சந்தேகம். ஊரே சொல்கிறது சரி, மனது வைத்தால் வாயை அடக்க முடியாதா என்ன? ஒரு துண்டைக் கிள்ளி நாக்கில் வைத்தார். அந்த நேரம் பார்த்து ஜேன் சொன்னாள்: “மாமா, எங்க கல்யாணம் நடக்கணும்.”

“ஆமென்” என்றார் இஞ்ஞாசிமுத்து.

துப்பப் பார்த்தார், கரைந்துவிட்டிருந்தது. அந்தச் சொல்லுக்கு ‘அப்படியே ஆகட்டும்’ என்று அர்த்தம் என்பதை லூனாஸ் பிள்ளைகளுக்கு இருபத்தாறு வருடமாகச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். தட்டை எடுத்து அகத்தாவிடம் திருப்பிக் கொடுத்தார். திங்கட்கிழமை முதல் வடை வழக்கம்போல் பஸ் ஏறியது.

பாஸ்கா முடிந்த ஞாயிறு பூசையில் சாமியார் முதல் கல்யாண ஓலை வாசித்தார். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். முன்வரிசையில் இருந்த உபதேசியார் வாயைத் திறக்கவில்லை.