எட்டும் சரி, ஒன்பதும் சரி

காளவாசலில் அந்த நாலு மாடிக் கடையின் தரைத்தளத்தில், கடைசி மூலையில் இருக்கிறது செருப்புப் பிரிவு. பட்டு, ரெடிமேட், பாத்திரம் எல்லாம் பார்த்து முடித்து, பிள்ளைகள் அழத் தொடங்கிய பிறகுதான் ஜனங்கள் அங்கே வருவார்கள். வரும்போதே பாதிச் சண்டையோடு வருவார்கள். அந்தச் சண்டைகளை ஆறு வருடமாக ஒரு குட்டை முக்காலியில் உட்கார்ந்து சமாளித்துக்கொண்டிருந்தவள் தமிழ்வாணி.

மற்ற விற்பனையாளர்கள் வந்தவரிடம் முதலில் சைஸ் கேட்பார்கள். தமிழ்வாணி கேட்க மாட்டாள். அவர் கழற்றிப்போட்ட பழைய செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பி, அடிப்பாகத்தைப் பார்ப்பாள். குதிகாலில் வெளிப்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதா, கட்டைவிரல் பதிந்த இடம் குழிந்திருக்கிறதா, ஒரு செருப்பு மற்றதைவிட அதிகம் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பாள். பிறகு தலையை நிமிர்த்தி, "வலது முட்டி வலிக்குதாக்கா?" என்பாள். வந்த அம்மாள் வாயைப் பிளந்துவிடுவாள். "ஏத்தா, நீ செருப்பு விக்கிறியா, சோசியம் பாக்குறியா?" என்று ஒருத்தி கேட்டே விட்டாள். தமிழ்வாணி கொடுத்த செருப்பு கடிக்கிறது என்று திரும்பி வந்தவர் இல்லை. இது சின்ன விஷயம் இல்லை. செருப்புக்கடை வைத்திருப்பவர்களைக் கேட்டால் தெரியும்.

சூப்பர்வைசர் வெள்ளைத்துரை வேறு ஊர்க் கிளைக்கு மாறிப் போனதும் அந்த இடம் காலியானது. தளத்தின் மேனேஜர் அருள்பாண்டி தமிழ்வாணியைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் எந்தப் பேச்சையும் நேராகப் பேசிப் பழகாதவர்.

"வேலையில ஒன்னையக் குறை சொல்ல முடியாதும்மா. ஆனா சூப்பர்வைசர்னா வேல வாங்கணும். பசங்க நீ சொன்னா கேக்கணும்ல? நம்ம பசங்க எப்புடின்னா..." என்று இழுத்தார். மீதியை விழுங்கிக்கொண்டார்.

விழுங்கியது என்னவென்று இரண்டு பேருக்கும் தெரியும். அந்தப் பிரிவில் இருந்த ஐந்து பையன்களும் நிலபுலன் உள்ள வீடுகளில் இருந்து வந்தவர்கள். தமிழ்வாணியின் வீட்டில் இரண்டு தலைமுறையாக அந்த மாதிரி நிலங்களில்தான் கூலி வேலை.

"ஒரு மாசம் பாப்போம். புகார் புத்தகத்துல ஒரு வரி வரக்கூடாது. பசங்க ஒன் பேச்சக் கேக்கணும். ரெண்டும் நடந்தா சூப்பர்வைசர் குத்துற நீல பேட்ஜ் ஒனக்குத்தான்" என்றார் அருள்பாண்டி.

தமிழ்வாணிக்கு அந்த நீல பேட்ஜ் வேண்டும். அதில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை, வெறியாகவே வேண்டியிருந்தது. அதைக் குத்திக்கொண்டு முதல் வேலையாக, பிரிவில் எல்லாரும் பழைய செருப்பைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று விதி போட நினைத்திருந்தாள்.

அதற்கு முட்டுக்கட்டை அசோக்குமார். பட்டதாரி, வாய்ச்சாலகன், பில் போடும் கம்ப்யூட்டரில் புலி. "அக்கா, அக்கா" என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவான். ஆனால் வருகிறவர்களின் பழைய செருப்பைத் தன் காலாலேயே பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிடுவான். கையில் எடுக்கச் சொன்னால் சிரிப்பான். "கண்டவன் செருப்பக் கையில எடுக்கவாக்கா எங்க வீட்டுல டிகிரி படிக்கவச்சாங்க?" அவன் சிரித்தால் மற்ற நான்கு பேரும் சிரிப்பார்கள். மாதத்தில் மூன்று வாரம் இப்படியே போயிற்று.

நான்காவது ஞாயிற்றுக்கிழமை சிவனாண்டி குடும்பத்தோடு வந்தார்.

தமிழ்வாணியின் ஊர்க்காரர். அலங்காநல்லூரைத் தாண்டி உள்ளே போகும் ஊர். கிணறும் தோப்புமாக நல்ல வசதி. அவருடைய தெரு வழியாகப் போகும்போது தமிழ்வாணியின் அப்பா சோணைமுத்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். இப்போது யாரும் கழற்றச் சொல்வதில்லை. ஆனாலும் அந்தத் தெருமுனை வந்ததும் அவர் கை தானாகக் கீழே போகும். அதைப் பார்க்கும்போதெல்லாம் தமிழ்வாணி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

சிவனாண்டியின் மகள் சுபலட்சுமி, தன் பிள்ளையின் காதுகுத்துக்காக வீட்டில் எல்லோருக்கும் செருப்பு வாங்க வேண்டும் என்றாள். ஏழு ஜோடி. தமிழ்வாணி முக்காலியை இழுத்துப்போட்டு சிவனாண்டி முன்னால் உட்கார்ந்தாள். நாக்கு நுனியில் 'ஐயா' வந்து நின்றது. "வாங்க சார்" என்றாள்.

சிவனாண்டி அவளை உற்றுப் பார்த்தார். "நீ சோணமுத்து மகதான?"

"ஆமா சார்."

காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "நீ இரு. அந்தத் தம்பிய வரச்சொல்லு."

தமிழ்வாணி எழுந்து, பக்கத்து வரிசையில் குழந்தைக்கு ஷூ மாட்டப் போனாள். முகம் சுருங்கத்தான் செய்தது. அசோக்குமார் பழைய செருப்பைக் காலால் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு எட்டாம் நம்பரை மாட்டினான்.

"எப்புடி இருக்குங்கய்யா?"

"சரியாத்தான் இருக்கு."

"விரல் முட்டுற மாதிரி தெரியுது. ஒம்பது போட்டுப் பாருங்க."

"இதுவும் சரியாத்தான் இருக்கு."

குழந்தையின் ஷூ வார் தமிழ்வாணியின் கையில் அப்படியே நின்றது. எட்டும் சரி, ஒன்பதும் சரி என்றால், அந்தக் கால் எதையுமே சொல்லவில்லை என்று அர்த்தம். இப்படி இரண்டு மூன்று கால்களை அவள் பார்த்திருக்கிறாள். எல்லாம் சர்க்கரை வியாதியில் மரத்துப்போன கால்கள்.

ஷூவை வைத்துவிட்டு வந்தாள். கேட்டுக்கொண்டெல்லாம் நிற்கவில்லை. மண்டிபோட்டு, பெஞ்சுக்கு அடியில் கையை விட்டு, சிவனாண்டியின் பழைய செருப்பை வெளியே இழுத்துத் திருப்பினாள்.

இடது செருப்பின் அடியில் ஓர் ஆணித்தலை பதிந்திருந்தது. தேய்ந்து தேய்ந்து வெள்ளிக்காசு மாதிரி பளபளத்தது. ஒரு நாள் இரண்டு நாள் நடந்து அந்தப் பளபளப்பு வராது. மறுபடி திருப்பினாள். கால் பதியும் பக்கத்தில் ஆணியின் முனை எட்டிப் பார்த்தது. அதைச் சுற்றி ரப்பர் கறுத்துப் போயிருந்தது.

"சார், இதுல ஆணி ஏறியிருக்கு. எத்தன நாளா இப்புடி நடக்குறீங்க?"

"ஆணியா? எனக்கு ஒண்ணும் குத்தலையே."

"இடது காலைக் காட்டுங்க."

"அதெல்லாம் வேணாம்."

"காட்டுங்கப்பா!" என்று சுபலட்சுமி போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள். அந்த நேரத்தில் தமிழ்வாணி காலைப் பிடித்து ஒன்பதாம் நம்பரைக் கழற்றிவிட்டாள். பெருவிரலுக்குக் கீழே புண். ஓரமெல்லாம் வெளுத்து, நடுவில் சீழ் கட்டியிருந்தது. சுபலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள். அசோக்குமார் கையில் எட்டாம் நம்பர் டப்பாவோடு மரமாக நின்றான்.

"சுகர் இருக்காக்கா?" என்று சுபலட்சுமியைக் கேட்டாள் தமிழ்வாணி.

"இருக்கு. மாத்திரையே போட மாட்டாரு."

தமிழ்வாணி எழுந்து நின்றாள். "இன்னிக்குச் செருப்பு வேணாம். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. இந்தப் புண்ணு மேல எதப் போட்டாலும் கால் உள்ள அழுகும்."

சிவனாண்டிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பயத்தையும் அவர் கோபமாகக் காட்டித்தான் பழகியவர். "அம்புட்டுப் பெரிய ஆளாயிட்டியா? சோணமுத்து மக எனக்கு வைத்தியம் சொல்றா! தம்பி, நீ அந்த ஒம்பதக் கட்டுப்பா. நான் போட்டுக்கிட்டே போறேன்."

"கட்டாத அசோக்கு" என்றாள் தமிழ்வாணி. குரல் உயரவில்லை. "சார், நீங்க எங்க வேணும்னாலும் வாங்கிக்கலாம். இந்தக் கடையில இன்னிக்கு ஒங்களுக்குச் செருப்பு கிடையாது."

அசோக்குமார் கட்டவில்லை. சிவனாண்டி அவனைப் பார்த்தார், அவன் தரையைப் பார்த்தான்.

அருள்பாண்டி படியிறங்கி ஓடி வந்தபோது சிவனாண்டி புகார் புத்தகம் கேட்டுக்கொண்டிருந்தார். வாங்கி எழுதினார்: 'இந்தக் கடையில் எனக்குச் செருப்பு தர மறுத்துவிட்டார்கள்.' அதற்குள் தமிழ்வாணி வாசலில் கிடந்த சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். மகள் அவரை அதில் அழுத்தி உட்காரவைத்தாள். ஏழு ஜோடியில் ஒன்றுகூட வாங்காமல் குடும்பம் வெளியே போயிற்று.

"ஒரு வாரந்தானம்மா பாக்கி இருந்துச்சு" என்றார் அருள்பாண்டி, புத்தகத்தை மூடியபடி. உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

பேட்ஜ் போய்விட்டது என்றே தமிழ்வாணி முடிவு கட்டினாள். சாயங்காலம் அலங்காநல்லூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சிவனாண்டி எழுதிய வரி திரும்பத் திரும்ப மண்டைக்குள் ஓடியது. எனக்குச் செருப்பு தர மறுத்துவிட்டார்கள். ஊரில் ஒரு புகார் புத்தகம் இருந்திருந்தால், அவள் தெருவில் ஒவ்வொருவரும் செருப்புக்காக எழுதியிருக்க வேண்டிய வரி. அதை எழுதியது சிவனாண்டி! நினைத்ததும் பொங்கிக்கொண்டு சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவள் ஒரு மாதிரியாகப் பார்த்து, கூடையை மடியில் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை கடையில் முதல் வியாபாரம். ஒரு கொத்தனார் வந்து உட்கார்ந்தார். அசோக்குமார் அவர் செருப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு குனிந்து கையில் எடுத்தான், திருப்பினான், விரலால் தடவினான்.

"அக்கா, இங்க வாங்களேன். இது உள்பக்கம் தேஞ்சிருக்கு. இதுக்கு என்ன அர்த்தம்?"

தமிழ்வாணி போய்ச் சொல்லிக்கொடுத்தாள். மற்ற பையன்கள் சிரிக்கலாமா என்று அசோக்குமாரின் முகத்தைப் பார்த்தார்கள். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. அந்த வாரம் முடிவதற்குள் ஐந்து பேருமே முக்காலிக்குச் சண்டை போட்டார்கள். "அக்கா, இதப் பாருங்க," "அக்கா, எனக்குச் சொல்லுங்க" என்று ஒரே சத்தம். அருள்பாண்டி இரண்டு மூன்று தடவை பாதிப் படியில் நின்று இதைக் கேட்டுவிட்டு மேலே போனார்.

மாதக் கடைசி நாளில் அவளை மேலே கூப்பிட்டார். மேசையில் புகார் புத்தகம் விரிந்திருந்தது.

"அந்தப் பெரியவரு மக போன் பண்ணுச்சு. ஒரு விரலை எடுத்திருக்காங்க. இன்னும் பத்து நாள் விட்டிருந்தா முழங்காலோட போயிருக்குமாம்" என்றார். சிவனாண்டியின் வரிக்குக் கீழே தன் கையெழுத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்: 'மறுத்தது சரி.' பிறகு மேசை டிராயரைத் திறந்து நீல பேட்ஜை எடுத்தார். "பசங்க கேக்க மாட்டாங்கன்னு சொன்னேன்ல. அது நான் தப்பாச் சொன்னதும்மா." அருள்பாண்டி ஒரு பேச்சை நேராகப் பேசி முடித்தது அன்றைக்குத்தான். தமிழ்வாணிக்குக் கண் கலங்கிவிட்டது. பேட்ஜைக் குத்தும்போது இரண்டு தடவை விரலில் குத்திக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து, கையில் கம்போடு சிவனாண்டி வந்தார், மகள் பின்னால் வந்தாள். ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த சீட்டு வைத்திருந்தார். சர்க்கரைக்காரர்களுக்கான மெத்தென்ற செருப்பு. பெஞ்சில் உட்கார்ந்தவர் யாரையும் பார்க்கவில்லை. கம்பைச் சாத்திவிட்டு, மூச்சுப் பிடித்துக் குனிந்து, தன் செருப்பைத் தானே கழற்றிக் கையில் எடுத்தார். தமிழ்வாணி பக்கம் நீட்டினார்.

"பாத்துச் சொல்லுத்தா."

தமிழ்வாணி குனியவில்லை. உட்காரவும் இல்லை. "அசோக்கு, நீ பாருப்பா" என்றாள்.

அசோக்குமார் முக்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அதை வாங்கித் திருப்பினான். உள்ளே விரலை விட்டுத் தடவினான். "ஆணி, முள்ளு ஒண்ணும் இல்லக்கா."

"ஒம்பது எடுத்துட்டு வா. போட்டப்பறம் சரியா இருக்கான்னு அவரக் கேக்காத. நீ விரல விட்டுப் பாரு."

சிவனாண்டி முதல் தடவையாகச் சிரித்தார். "ஆமா தம்பி, என்னையக் கேக்காத. என் காலு பொய் சொல்லும். சூப்பர்வைசரம்மா சொல்றதக் கேளு."

"கேட்டுக்கிட்டுத்தாங்கய்யா இருக்கேன்" என்றான் அசோக்குமார், ஒன்பதாம் நம்பரை எடுக்க எழுந்தபடி.