இரண்டாவது மௌனம்

ஒலிபரப்பு அலையின் விசில் மெலிந்துகொண்டே போகிறது, ஹெட்போனுக்குள் கொசுவின் முனகலாகி, அதுவும் அற்றுப்போகிறது, ஒன்று என்று எண்ணிக்கொண்டு வானொலி நிலையப் பொறியாளர் இன்னாசி நிமிர்ந்தால் மீட்டரின் முள் அதற்குள் நூறில் நிற்கிறது, அது எப்படி, முதல் மௌனத்தில் முள் பாதியைக்கூடத் தொடக்கூடாது, குமிழைத் திருகத் திருக விசில் மறுபடி பிறந்து, வளர்ந்து, இரண்டாம் முறை அடங்கும் இடம்தான் நூறு, வானொலி அலை அதற்குமேல் விரியக்கூடாது என்று சட்டம் போட்ட கோடு, அந்தக் கோட்டைத் தன் சிரிப்பால் தாண்டித்தாண்டித்தான் அறிவிப்பாளர் பிலோமினா ஆறு மாதமாக அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள், மைக்கை விட்டுத் தள்ளி உட்காரும்மா, மெதுவாச் சிரி, அவள் ஒலியையும் பாதியாகக் குறைத்து வைத்தார், தருவைகுளத்திலிருந்து மீனவர்கள் போன் செய்தார்கள், ஏன் சார், அந்தத் தங்கச்சி கிணத்துக்குள்ள இருந்தா பேசுது, நேற்று அவளே வந்து நின்றாள், சிரிக்கக் கூடாதுன்னா நான் எதுக்கு அண்ணாச்சி, நாளைக்கு நாலு மணி நிகழ்ச்சியோட சரி, வேற ஆளப் பாத்துக்கிடுங்க, அதனால்தான் இன்று மீட்டரையே சோதிக்க உட்கார்ந்தார், அவளில்லாமல் இந்த நிலையத்தில் என்ன இருக்கிறது, பாட்டும் மின்விசிறிச் சத்தமும்தான்.

இப்போது மணி இரண்டு, ஆறு மாதம் முன்பு இந்த மீட்டரை அளவு வைத்த அன்றும் இரண்டுதான், இதே ஹெட்போன், முதல் மௌனத்தை எண்ணி முடித்த நொடியில் டீயோடு உள்ளே வருகிறாள், எங்க வீட்டுக்காரருக்கு போட்ல ஏறினாத்தான் வாந்தின்னு நெனச்சேன் அண்ணாச்சி, போட்டுக்கு பெயிண்ட் அடிச்சாலும் வாந்தி, சிரிக்கிறாள், இவரும் டீ சிந்தச் சிரிக்கிறார், கை தானாகக் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிடுகிறது, மனசிலோ ஒன்று என்ற எண்ணிக்கை அப்படியே இருக்கிறது, பிறகு மறுபடி தொடங்கி, வந்த முதல் மௌனத்தையே இரண்டு என்று எண்ணி, முள்ளை அங்கே நூறில் பூட்டிவிட்டாரே, அடப்பாவி, ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்று ஆறு மாதம் ஒரு பெண்ணின் சிரிப்பைக் குற்றம் சொல்லியிருக்கிறான்.

மூன்று தடவை எண்ணிச் சரிசெய்துவிட்டு அவளைத் தேடிப் போய்ச் சொன்னார், தப்பு உன் சிரிப்புல இல்லம்மா, என் எண்ணிக்கையில, சரி, மைக்க கிட்ட இழுத்து வைங்க என்றாள்.

நான்கு மணி, ஒலியைப் பழைய அளவுக்கு ஏற்றிவிட்டார், அவள் கடல் நிலவரம் வாசித்து முடித்ததும் தருவைகுளத்திலிருந்து முதல் போன், என்ன தங்கச்சி, கிணத்துலேர்ந்து ஏறி வந்துட்டியா, அவ்வளவுதான், சிரிப்பு பீறிட்டது, முள் எழுபது, எண்பது, தொண்ணூறு என்று ஏறி நூறுக்கு முன்னால் சமர்த்தாக நின்றது, இன்னாசிக்குக் கண் நிறைந்துவிட்டது, ஹெட்போனுக்குள் அவள் மூச்சு வாங்குவதற்காக ஒரு நொடி மௌனம், அதை அவர் எண்ணவில்லை.